துப்பு உட்கார்ந்த இடம்

அந்தத் தெருவில் விசிலக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உத்தியோகம் போனாலும் கழுத்தில் தொங்கிய விசில் போகவில்லை. தண்ணீர் லாரி குறுக்கே நின்றால் ஒரு விசில், குப்பை வண்டி நிற்காமல் போனால் நீளமாக இன்னொரு விசில். வீட்டின் முன்னறையில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவள் கணவருக்குச் சாப்பாட்டு நேரத்தை அறிவிக்கவும் தனியாக ஒரு விசில் உண்டு என்று தெருவில் பேச்சு. வாட்ச்காரரிடம் கேட்டால், "மணி பார்க்கறவனுக்கே மணி சொல்ற ஆள் இவ ஒருத்திதான்" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

அவளோடு கூடவே ஓய்வு பெற்று வந்தவன் துப்பு. கறுப்பு லாப்ரடார். படையில் சேர்ந்தபோது அவனுக்கு வாயில் நுழையாத ஒரு வெளிநாட்டுப் பெயர் வைத்திருந்தார்கள். முதல் வழக்கில் துப்புக் கொடுத்த நாளில் அந்தப் பெயர் உதிர்ந்துபோய், அவள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

துப்பு எதையாவது கண்டுபிடித்தால் குரைக்க மாட்டான், பிறாண்ட மாட்டான். நேரே அந்த இடத்துக்குப் போய் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துவிடுவான். அவ்வளவுதான். அவள் வந்து தோளைத் தட்டும்வரை கிரேன் வைத்து இழுத்தாலும் எழுந்திருக்க மாட்டான். ஒருமுறை ரயில் நிலையத்துப் பார்சல் அறையில் காலிப் பெட்டி ஒன்றின் முன்னால் உட்கார்ந்தான். திறந்து பார்த்தார்கள், உள்ளே காற்றுதான் இருந்தது. "உங்க நாய்க்குக் கால் வலி போலிருக்கும்மா, அதான் உட்கார்ந்துடுச்சு" என்று மேலதிகாரி கேலி செய்தார். அவள் அசையவில்லை.

"என் நாய் உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான் சார். பெட்டியை உடைங்க."

உடைத்தார்கள். அடித்தட்டுக்குக் கீழே இன்னொரு தட்டு இருந்தது, அது நிறையப் போதைப்பொருள். மறுநாள் பத்திரிகையில் செய்தி வந்தது, அதிகாரியின் படத்தோடு. படத்தின் ஓரத்தில் ஒரு கறுப்பு வால் மட்டும் தெரிந்தது. அதை விரலால் தொட்டு, "இதுதான் நம்மாளு" என்று பார்த்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள் விசிலக்கா.

அப்படிப்பட்டவன் வீட்டுக்கு வந்த பிறகு ஒடுங்கிப் போனான். தேட ஒன்றும் இல்லாத மூக்கை முன்னங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு சோபாவுக்கு அடியில் கிடந்தான். அவளுக்கும் கொஞ்சம் சோம்பல் தட்டியது. படையில் இருந்தபோது தினமும் காது மடல், விரல் இடுக்கு, வால் அடி என்று விரலால் துழாவிப் பார்க்காமல் விடமாட்டாள். இப்போது, 'வீட்டுக்குள்ளதானே கிடக்கிறான்' என்று விட்டுவிட்டாள்.

ஒரு காலையில் துப்பு தட்டில் வைத்த சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. வாட்ச்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்துவந்தார்.

கால்நடை மருத்துவமனையில் இருந்த டாக்டர் இளம்பெண். துப்புவின் காது மடலைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே சாம்பல் நிறத்தில், கொத்தமல்லி விதை அளவுக்கு உப்பிய உண்ணிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"உண்ணிக் காய்ச்சல்கா. ரத்தத்துல கிருமி ஏறியிருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டமாயிருக்கும்."

விசிலக்காவுக்கு முகம் கறுத்துப்போனது. நாய் மேல் ஒரே ஒரு உண்ணியைப் பார்த்தாலும் புதுப் பயிற்சியாளர்களை மைதானம் சுற்றி ஓடவைத்தவள் அவள். இன்று யாரை ஓடவைப்பது?

ஊசி, மாத்திரை, குளுகோஸ் என்று துப்பு மெல்ல மெல்லத் தேறினான். கடைசியாகப் பார்க்கப் போன அன்று டாக்டர் சொன்னாள்: "உண்ணி மருந்து மாசா மாசம் தவறக் கூடாது. அதுதான் முதல் வேலை. அப்புறம் தோட்டம். புல்லை ஒட்ட வெட்டுங்க. சருகு சேரவிடாதீங்க, தரையில வெயில் படணும். எலுமிச்சைப்புல், ரோஸ்மேரி, லாவெண்டர் மாதிரி வாசனைச் செடிங்க உண்ணிக்கு அவ்வளவா பிடிக்காது, அதையும் வைக்கலாம். ஆனா அதை மட்டும் நம்பி உட்கார்ந்துடாதீங்க."

காதுக்கு ஒரு குணம் உண்டு. தனக்கு வேண்டியதை உள்ளே விட்டுவிட்டு மீதியை வாசலிலேயே நிறுத்திவிடும். மருந்தும் வாசனைச் செடியும் விசிலக்காவின் மனதுக்குள் போய் உட்கார்ந்தன. சருகும் வெயிலும் ஆஸ்பத்திரிப் படியிலேயே நின்றுவிட்டன.

மறுநாளே செடிக்கடைக்குப் போனாள். "உண்ணிக்குச் செடி குடுங்க" என்றாள்.

கடைக்காரர் உள்ளே போய், மஞ்சளும் ஆரஞ்சுமாகக் குட்டிக் குட்டிப் பூக்கள் கொத்தாகப் பூத்த ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "உண்ணிச்செடி. ஆனா இது தரிசுல தானா முளைச்சுக் கிடக்குமே, நீங்க ஏம்மா வாங்கறீங்க?"

"ஐயோ, உண்ணிச்செடி இல்லைங்க! உண்ணி ஓடறதுக்குச் செடி!"

"அதை முதல்லயே சொல்லக் கூடாதா? பேருக்கு ஏத்த மாதிரி கேட்டா நான் பேருக்கு ஏத்ததைத்தானே குடுப்பேன்" என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே போய் வேறு தொட்டிகளைக் கொண்டுவந்தார்.

வீட்டின் பின்னால் நீளமான தோட்டம். அதற்கு அப்பால் யாருடையதென்று தெரியாத புதர்க்காடு. அதுவரை ஒரு துளசிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றாத விசிலக்கா மண்வெட்டியும் கையுமாக இறங்கினாள். எல்லைப் பாதுகாப்புக்கு எலுமிச்சைப்புல். வேலி நெடுகவும் இடைவெளியே இல்லாமல் நட்டாள். வாசலில் ரோஸ்மேரி, தோட்டத்தில் துப்புவுக்கென்று போட்டிருந்த கூண்டுக்கு இரண்டு பக்கமும் லாவெண்டர், நடைபாதை ஓரம் செண்டுமல்லி. கயிறு பிடித்துத்தான் ஒவ்வொரு குழியும் தோண்டினாள்.

வாட்ச்காரர் ஜன்னலில் இருந்து எட்டிப் பார்த்து, "மூணாவது லாவெண்டர் வரிசை தப்பி நிக்குது பார், பனிஷ்மென்ட் குடு" என்பார்.

"நீங்க உங்க முள்ளைப் பாருங்க. என் படையை நான் பார்த்துக்கறேன்."

பிடிவாதக்காரி வைத்தால் கட்டைகூடத் துளிர்க்கும் போலிருக்கிறது. எலுமிச்சைப்புல் மதமதவென்று வளர்ந்து இடுப்புக்கு மேல் போனது. காற்றடித்தால் தெருவே மணத்தது. போகிறவர்கள் நின்று மூச்சை இழுத்துவிட்டு, "என்னக்கா செடி இது?" என்று கேட்பார்கள். அவள் கேட்டவர்களுக்கெல்லாம் தூரைப் பிரித்து வேரோடு கொடுத்தாள். பதக்கம் வாங்கியவள்போல் நெஞ்சை விரித்துக்கொண்டு நிற்காத குறைதான். "வேலியோரம் நெருக்கி வைங்க. ஒரு உண்ணி வராது. நான் பொறுப்பு" என்று சொல்லிக் கொடுத்தாள். சில மாதங்களில் அந்தத் தெருவில் எலுமிச்சைப்புல் இல்லாத வேலி இல்லை என்றானது.

பக்கத்து வீட்டுக் கண்டக்டர் மட்டும் கடைசிவரை முரண்டு பிடித்தார். பஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் கடைசியில் 'ரைட்' என்று முடிப்பார். அவர் தோட்டத்தில் ரோஜாதான் ராஜா. "என் ரோஜாவுக்கு வர்ற சத்தை இந்தப் புல்லு உறிஞ்சிடும் தங்கச்சி, ரைட்" என்றார். ஆனால் அவருடைய பேத்தி அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். தோட்டத்து மண்ணில் விழுந்து புரளும் வயது. 'உண்ணி' என்ற சொல்லைக் கேட்டதும் தாத்தாவின் பிடிவாதம் தளர்ந்தது. வாங்கிப்போய் இங்கொன்றும் அங்கொன்றுமாக நட்டு, நீளும்போதெல்லாம் கத்தரித்துக் கட்டையாகவே வைத்திருந்தார்.

"இதென்ன அண்ணே, மொட்டை அடிச்ச மாதிரி! என்னோடதைப் பாருங்க, எப்படி நிக்குது!" என்பாள் விசிலக்கா, வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து.

"நிக்கட்டும், நிக்கட்டும். ரைட்" என்பார் அவர்.

மழைக்காலம் வந்து போனது. புல் இன்னும் செழித்தது. துப்புவைத் துடைத்துவிடும்போது அவன் கால்விரல் இடுக்கில் எள்ளைப்போல ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் அந்த எள்ளுக்குக் கால் இருந்தது. மருந்தின் வேகத்தில் அரைமயக்கமாய்த் துடித்தது. மறுநாளும் கிடைத்தது. அதற்கடுத்த நாளும்.

அவள் புதர்க்காட்டைத் திட்டினாள். தெருநாய்களைத் திட்டினாள். தன் வேலியைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள்.

அந்த வாரமே கண்டக்டர் வேலியோரம் வந்து நின்றார். கோபத்தில் சத்தம் போடுகிற ஆள் இல்லை அவர். அன்று மெதுவாகத்தான் பேசினார். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

"பாப்பா காதுக்குப் பின்னாடி ஒண்ணு கடிச்சுட்டு இருந்துச்சு தங்கச்சி. டாக்டர்கிட்ட காட்டிட்டோம், பயப்பட ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. ஆனா நீங்க பொறுப்புன்னு சொன்னீங்களேன்னுதான்..."

முதல் தடவையாக ஒரு பேச்சை அவர் 'ரைட்' போடாமல் விட்டுவிட்டுப் போனார்.

விசிலக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கொடுத்த வாக்குத் தெரு முழுக்க வேலிவேலியாய் வளர்ந்து நிற்கிறது. உண்ணி எங்கிருந்தோ வருகிறது. எங்கிருந்து? துப்பு பக்கத்தில் வந்து அவள் முழங்கால்மேல் மோவாயை வைத்தான். அவனுடைய ஈரமான, அகன்ற, கறுத்த மூக்கு அவள் கண்ணுக்கு நேராக இருந்தது.

"ஏங்க!" என்று கத்தினாள். "உங்க சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்குமே, திருகாணி போட்டு வைப்பீங்களே, அதுல நாலஞ்சு எடுத்துட்டு வாங்க!"

வாட்ச்காரர் குப்பிகளோடு வந்தார். அவள் துப்புவின் காலில் இருந்து எடுத்த உண்ணிகளை ஒரு குப்பிக்குள் போட்டு, வாயில் மெல்லிய துணியைக் கட்டினாள். உண்ணி வெளியே வராது, வாசனை வரும்.

"என் சாமணத்தையா எடுத்த?" என்றார் அவர் அதிர்ந்துபோய். "ஹேர்ஸ்பிரிங் எடுக்கற சாமணம்மா அது!"

"நல்லாப் பிடிக்குதுங்க."

"பிடிக்கும், பிடிக்கும். இனிமே கஸ்டமர் வாட்சுல கையை வைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு அரிக்கும்."

அன்று மாலை பயிற்சி தொடங்கியது. கவிழ்த்த பூந்தொட்டிகளின் அடியில் குப்பிகள். ஒன்றில் உண்ணி, மற்றவற்றில் மண், சருகு, எலுமிச்சைப்புல் கிள்ளல். படையில் அவன் எதையாவது கண்டுபிடித்தால் பரிசாக வீசும் பழைய ரப்பர் பந்தை அலமாரியில் இருந்து எடுத்து அவள் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். அதைக் கண்டதும் துப்புவின் காதுகள் விறைத்தன. வெகுநாள் கழித்து அந்த உடம்புக்குள் யாரோ விளக்கைப் போட்ட மாதிரி இருந்தது.

முதலில் குழம்பினான். போதைப்பொருள் தேடிய மூக்குக்கு இது என்ன புதுப் பாடம் என்பதுபோல் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். உண்ணிக் குப்பியைத் தற்செயலாக முகர்ந்த அந்த நொடியிலேயே அவள் பந்தைத் தூக்கிப் போட்டாள். 'ஓ, இதுவா சங்கதி!' என்று அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அப்புறம் அவனை நிறுத்த முடியவில்லை. தொட்டிகளை மாற்றி வைத்தாள், வீட்டுக்குள் ஒளித்தாள், வாட்ச்காரரின் செருப்புக்குள் ஒளித்தாள். ஒவ்வொரு தடவையும் நேராகப் போய் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான். சோபாவுக்கு அடியில் போய்ப் படுப்பதையே மறந்துவிட்டான். சோற்றுத் தட்டு பளபளவென்று காலியானது.

"இவனுக்கு மருந்து கொடுத்தது டாக்டர். ஆனா குணமாக்கினது உண்ணிதான் போல" என்றார் வாட்ச்காரர்.

வேலையைச் சரியாகக் கற்றுக்கொண்டான் என்று அவளுக்கு மனம் திருப்தியான பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பழைய மார்ப்பட்டையை எடுத்துத் துடைத்து அவனுக்கு மாட்டினாள். விஷயம் எப்படியோ பரவியிருந்தது. கண்டக்டர் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றார். எதிர்வீட்டுக்காரர்கள், மூலைவீட்டு டீச்சர், அவள் மாமியார் என்று ஒரு சின்னக் கூட்டமே சேர்ந்துவிட்டது. விசிலக்காவுக்கு உள்ளூர ஒரு நிச்சயம் இருந்தது: துப்பு நேராகப் பின்வாசல் வழியாகப் புதர்க்காட்டுக்குப் போவான், அங்கேதான் உட்காருவான்.

"தேடு" என்றாள்.

துப்பு நடைபாதையில் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு போனான். ரோஸ்மேரியைத் தாண்டினான். லாவெண்டரைக் கண்டுகொள்ளவில்லை. செண்டுமல்லியிடம் ஒரு தும்மல் போட்டான். பின்வாசலுக்குப் போகும் வழியில் சட்டென்று திரும்பினான். வேலியோரம், அவள் முதன்முதலாக நட்ட, எல்லாவற்றிலும் உயரமாக வளர்ந்த, யார் வந்தாலும் அவள் முதலில் கூட்டிப்போய்க் காட்டும் எலுமிச்சைப்புல் புதருக்கு நேரே போனான்.

உட்கார்ந்தான்.

அவள் தோளைத் தட்டி எழுப்பி, அவனை ஒரு சுற்றுச் சுற்றி அழைத்துவந்தாள். மறுபடி விட்டாள். மறுபடி அங்கேயே போய் உட்கார்ந்தான். முதுகு நிமிர்ந்திருந்தது. மூக்கு புதரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கண்டக்டர் சிரித்துவிட்டார். கேலிக்காக இல்லை, இந்த விவகாரத்தால் கொஞ்ச நாளாய் மனசில் அடைத்துக்கொண்டிருந்தது சிரிப்பாய் வெளியே வந்துவிட்டது. "உண்ணியை விரட்டற செடிகிட்டயேவா? அந்த வாசனையில பாவம் மூக்கு அடைச்சிருக்கும் தங்கச்சி. வயசும் ஆயிடுச்சு. துப்பு இப்ப துப்புக்கெட்டவன் ஆயிட்டான், ரைட்!"

கூட்டத்திலும் சிரிப்பு. டீச்சர்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

விசிலக்கா அந்தப் புதரைப் பார்த்தாள். பச்சைப்பசேலென்று, வாளைப்போல வளைந்த இலைகளோடு, அவள் கையால் வைத்து அவள் கையால் வளர்ந்தது. தெருவுக்கே தூர் பிரித்துக் கொடுத்த தாய்ப் புதர் அது. அப்புறம் நாயைப் பார்த்தாள். நரைத்த மீசை. சிரிப்புச் சத்தம் எதையும் பொருட்படுத்தாத கண்கள். அவள் முகத்தைக்கூட அவன் பார்க்கவில்லை. அவள் என்ன முடிவெடுப்பாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை போலிருந்தது.

தொண்டையைச் செருமினாள். "என் நாய் உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான். ஏங்க, அரிவாளை எடுத்துட்டு வாங்க. ஒரு வெள்ளைப் போர்வையும்."

அவளே குனிந்து வெட்டினாள். மேலே வெட்ட வெட்ட வாசனை குப்பென்று கிளம்பியது. ஆனால் தூரை நெருங்க நெருங்க வேறு வாடை வந்தது. ஈரச் சருகின் மக்கிய வாடை. வெளிப்பார்வைக்குப் பச்சையாக இருந்த புதரின் உள்ளே, காய்ந்து மடிந்த இலைகள் மெத்தைபோல அடைந்திருந்தன. வெயில் ஒரு பொட்டுக்கூடப் பட்டிராத தரை. சருகை விலக்கினால், கைப்பிடி அளவில் ஒரு வளை. உள்ளே இருந்து எலி ஒன்று அவள் காலுக்கு இடையில் புகுந்து ஓடியது. டீச்சரின் மாமியார் போட்ட கூச்சல் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். துப்பு மட்டும் எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்குச் சொன்ன வேலை எலி இல்லையே.

போர்வையை விரித்து, சருகின்மேல் மெதுவாக இழுத்தாள். திருப்பினாள். வெள்ளைத் துணியில் அங்கங்கே மிளகு தூவிய மாதிரி இருந்தது.

வாட்ச்காரர் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு குனிந்தார். கடிகாரத்துக்குள் பார்ப்பதுபோலவே மூச்சை அடக்கிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

"மிளகு எல்லாத்துக்கும் கால் இருக்கும்மா."

யாரும் சிரிக்கவில்லை. விசிலக்கா நடந்துவந்து துப்புவின் தோளைத் தட்டினாள். "சபாஷ்டா! சபாஷ்டா என் தங்கமே!" அப்போதுதான் அவன் எழுந்தான். அவள் பந்தை வீசினாள். கிழவன் குட்டியாய்ப் பாய்ந்தான். ஆசையாய் வளர்த்த புதர் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது, தெருவே பார்த்துவிட்டது, வெட்கப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் அவளுக்கு நெஞ்சு விம்மியது வெட்கத்தால் இல்லை. இத்தனை வாசனைக்கு நடுவே, இத்தனை வயதில், நோயில் இருந்து எழுந்து வந்து, தன் எஜமானியின் வேலிக்கு முன்னால் தயங்காமல் உட்கார்ந்தானே! எந்தப் படையில் இப்படி ஒருத்தன் கிடைப்பான்?

நீளமாக விசில் ஊதினாள். வீட்டுக்குள் இருந்தவர்களும் வெளியே வந்தார்கள்.

"எல்லாரும் கேளுங்க! உங்க வீட்டுல நிக்கறது நான் குடுத்த புல்லு. நெருக்கி வைக்கச் சொன்னதும் நான்தான். இன்னைக்கே துப்புவும் நானும் ஒவ்வொரு வீடா வர்றோம். அவன் உட்கார்ந்த இடத்தை நான் சுத்தம் பண்ணித் தர்றேன்."

முதலில் கண்டக்டர் வீட்டுக்குத்தான் போனாள். அங்கே அவளுக்கு இன்னொரு அதிசயம் காத்திருந்தது. கண்டக்டரின் மொட்டைப் புற்களை ஒவ்வொன்றாகத் துப்பு முகர்ந்தான், எதிலும் உட்காரவில்லை. தூருக்குத் தூர் இடைவெளி, அடியில் சருகு இல்லை, தரை வெயிலில் காய்ந்து கிடந்தது. ரோஜாப் பாத்திகளும் சுத்தம். கண்டக்டரின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. "பார்த்தீங்களா தங்கச்சி? மொட்டைன்னு சொன்னீங்களே!"

"ஒத்துக்கறேன் அண்ணே. வளர்க்கத் தெரிஞ்சவர் நீங்கதான்."

அவர் 'ரைட்' சொல்ல வாயெடுப்பதற்குள் துப்பு பேத்தியின் ஊஞ்சல் பக்கம் போனான். ஊஞ்சலில் இருந்து விழுந்தால் அடிபடக் கூடாது என்று தாத்தா ஆசையாய்க் கீழே பழைய சாக்குகளை அடுக்கி வைத்திருந்தார். மழையில் நனைந்து, காயாமல், ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. துப்பு உட்கார்ந்தான்.

கண்டக்டர் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். உடனே கீழே போட்டார். அங்கேயே நின்று துப்புவுக்கு இரண்டு கையையும் தூக்கி ஒரு கும்பிடு போட்டார்.

"என் பேத்தியைக் காப்பாத்திட்டடா சாமி. துப்புக்கெட்டவன்னு சொன்ன இந்த வாய்க்கு நானே பூட்டுப் போட்டுக்கறேன்." பிறகு அவரே அரிவாளை எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்பிவிட்டார். "தனியா எத்தனை வீடு வெட்டுவீங்க? வாங்க, ரைட், போலாம்!"

அன்றும் அடுத்து வந்த நாட்களிலும் தெரு முழுவதும் புல் வெட்டும் மணமாகவே இருந்தது. பிடுங்கி எறியவில்லை, புதரைப் பிரித்து, கண்டக்டர் காட்டியபடி இடைவெளிவிட்டு நட்டார்கள். சருகைக் கூட்டி அள்ளினார்கள். வேலிக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்குச் சரளைக்கல் கொட்டினார்கள். வெயிலில் காயும் அந்தக் கல்லைத் தாண்ட உண்ணிக்கு மனம் வராது என்று, மறுபடி போய்க் கேட்டபோது டாக்டர் சொல்லியிருந்தாள். இந்தத் தடவை விசிலக்கா அவள் சொன்னதை முழுசாகக் கேட்டாள். ரோஸ்மேரியும் லாவெண்டரும் துப்புவின் கூண்டைச் சுற்றி நல்ல வெயிலில் தனித்தனியாக நின்றன. வாரம் தவறாமல் துப்பு ரோந்து போனான். உட்காரும் இடங்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் ஒருநாள் தெரு முழுக்கச் சுற்றிவிட்டு எங்கேயும் உட்காராமல் வீடு திரும்பி, ஏதோ குறைந்ததுபோல அவள் முகத்தைப் பார்த்தான். பாவமாக இருந்தது. அவள் தன் பாக்கெட்டில் குப்பியை ஒளித்து வைத்து அவனை ஜெயிக்க விட்டாள்.

துப்புவின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு டாக்டர், "சுத்தமா இருக்குக்கா" என்றாள். அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நானும் ஒரு உதவி கேட்கணும். இங்க பின்னாடி ஊருக்குப் போறவங்க விட்டுட்டுப் போற நாய்ங்களைப் பார்த்துக்கறோம். அந்த இடத்துல எவ்வளவு மருந்து அடிச்சாலும் உண்ணி திரும்பத் திரும்ப வருது. எங்கன்னே தெரியலை. துப்பு வந்து பார்ப்பானா?"

விசிலக்கா குனிந்து துப்புவின் காதில், "டூட்டி வந்திருக்குடா. போலாமா?" என்று கேட்டாள். அவன் வால் தரையைப் பெருக்கியது.

குறித்த நாளில் வாட்ச்காரர் கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு வந்தார். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் கம்பிவேலிக்கு வெளியே, தங்கள் நாய்களைக் கூட்டிப்போக வந்தவர்கள் நின்றிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் டாக்டர் எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைத்தாள். "இவங்கதான் போலீஸ்ல இருந்தவங்க. இவங்கதான் கண்டுபிடிச்சுத் தரப் போறாங்க."

"இல்லை டாக்டர்" என்றாள் விசிலக்கா. "நான் வாரைப் பிடிக்கற ஆளு. ஆபீசர் இவன்தான்."

மார்ப்பட்டையின் கொக்கியைச் சரிபார்த்தாள். "தேடு" என்றாள். துப்பு மூக்கைத் தாழ்த்தினான். கூண்டுகளின் வரிசை, தண்ணீர்த்தொட்டி, சுவர் விரிசல், படுக்கைப் பலகைகள் என்று அவசரமே இல்லாமல் போனான். உள்ளே இருந்த நாய்கள் குரைத்துத் தீர்த்தன. அவன் ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் அவன் வேகத்துக்கே, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பின்னால் நடந்தாள்.

வேலிக்கு வெளியே நின்ற ஒரு பெரியவர் வாட்ச்காரர் பக்கம் சாய்ந்து, "என்ன நடை பாருங்க! யாருங்க அந்தம்மா?" என்று கேட்டார்.

வாட்ச்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"எங்க வீட்டுக்காரம்மா" என்றார். "முன்னாடி போறது எங்க பையன்."